கம்ப்யூட்டரில் தொடங்கி வரப்பில் முடியும் புதையல் வேட்டை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் சில வாரங்கள் அதை விட்டு எழுந்திருப்பதில்லை. கேம்ஸ், வீடியோ, மெயில் என்று நாற்காலியிலேயே பொழுது போய்விடுகிறது. விடுமுறை நாட்களில் பிள்ளைகளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கொள்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள், "கொஞ்சம் வெளியே போய்விட்டுத்தான் வாங்களேன்" என்று சொல்லும் நிலை விரைவில் வந்துவிடும். அப்படி வெளியே கிளம்புவதற்கும் கம்ப்யூட்டரே வழி செய்து தரும் ஒரு பொழுதுபோக்கு இருக்கிறது. அதன் பெயர் ஜியோகேச்சிங்.

விஷயம் மிக எளிது. யாரோ ஒருவர் மூடியுள்ள டப்பா ஒன்றில் சிறிய நோட்டுப் புத்தகத்தைப் போட்டு, ஊருக்கு வெளியே ஒரு மரத்தடியிலோ பாறை இடுக்கிலோ ஒளித்து வைக்கிறார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணைய தளத்தில் பதிகிறார். நீங்கள் அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் பார்த்து, ஜி.பி.எஸ். வசதி உள்ள போனில் ஏற்றிக் கொண்டு, நடந்து போய்த் தேடுகிறீர்கள். டப்பா கிடைத்தால் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். வீட்டிற்கு வந்து தளத்திலும் பதிய வேண்டும். இவ்வளவுதான் விளையாட்டு. பரிசு எதுவும் இல்லை.

கம்ப்யூட்டர் வாங்கும்போது கேச் மெமரி என்று ஒரு சொல்லைக் கடைக்காரர் சொல்லியிருப்பார். இங்கு வரும் கேச்சும் அதே சொல்தான். மறைத்து வைத்தல் என்ற பொருள் தரும் பிரெஞ்சு சொல்லில் இருந்து வந்தது. பிராசசர் தனக்கு அடிக்கடி தேவைப்படும் தகவல்களைப் பக்கத்திலேயே ஒதுக்கி வைத்துக் கொள்கிறது. இவர்கள் டப்பாவை ஒதுக்கி வைக்கிறார்கள்.

எப்படித் தொடங்கியது?

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க ராணுவம் உருவாக்கிய அமைப்பு. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சாட்டிலைட்டுகள் நேரத்தைச் சொல்லும் சிக்னல்களை அனுப்பிக் கொண்டே இருக்கின்றன. அந்த சிக்னல் நம்மிடம் வந்து சேரும் நேரத்தை வைத்து நமக்கும் சாட்டிலைட்டுக்கும் உள்ள தூரம் கணக்கிடப்படுகிறது. நான்கு சாட்டிலைட்டுகளின் சிக்னல் கிடைத்தால் நாம் நிற்கும் இடத்தைக் கருவி சொல்லிவிடும். ஆனால் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். அதனால் கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை தள்ளிப் போகும். ஒரு கிராமத்தைக் கண்டுபிடிக்க அது போதும். ஒரு டப்பாவைக் கண்டுபிடிக்கப் போதாது.

2000 ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு இந்தப் பிழையை நீக்கியது. ஒரே இரவில் உலகில் உள்ள எல்லா ஜி.பி.எஸ். கருவிகளும் பல மடங்கு துல்லியமாகிவிட்டன. மே 3 ஆம் தேதி, டேவ் உல்மர் என்ற கம்ப்யூட்டர் ஆலோசகர், ஒரேகான் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகருக்கு வெளியே பீவர்கிரீக் என்ற கிராமப்புறப் பகுதியில் ஒரு கருப்பு பிளாஸ்டிக் வாளியை வைத்தார். உள்ளே சாப்ட்வேர், புத்தகங்கள், வீடியோ, கொஞ்சம் பணம், உண்டிவில், ஒரு பீன்ஸ் டின் ஆகியவை இருந்தன. எண்களை இன்டர்நெட் செய்திக் குழு ஒன்றில் வெளியிட்டு, எடுப்பவர் பதிலுக்கு ஏதேனும் வைக்க வேண்டும், நோட்டில் எழுத வேண்டும் என்று மட்டும் நிபந்தனை வைத்தார். சில நாட்களிலேயே அது கண்டுபிடிக்கப்பட்டது. அதே மே மாதம் முடிவதற்குள் ஜியோகேச்சிங் என்ற பெயரும் வந்துவிட்டது. செப்டம்பரில் ஜெரிமி ஐரிஷ் என்பவர் ஜியோகேச்சிங் டாட் காம் தளத்தைத் தொடங்கியபோது அதில் இருந்தவை 75 கேச்கள். இன்று உலகம் முழுவதும் 30 லட்சத்திற்கும் மேல் உள்ளன. அந்த பீன்ஸ் டின் பின்னர் மீட்கப்பட்டு, இந்தப் பொழுதுபோக்கு உள்ளவர்கள் பார்த்து மகிழும் பொருளாகிவிட்டது. வாளி இருந்த இடத்தில் நினைவுத் தகடு வைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உல்மர் தன் வாளியைப் பாதி மண்ணில் புதைத்து வைத்திருந்தார். இன்றைய விதிப்படி கேச்சைப் பொதுவாக மண்ணில் புதைக்கக் கூடாது. முதல் கேச்சே இன்றிருந்தால் அனுமதி கிடைப்பது சந்தேகம்தான்!

இந்த எண்ணம் முற்றிலும் புதியது என்றும் சொல்ல முடியாது. இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்ட்மூர் என்ற பரந்த தரிசு மேட்டு நிலம் இருக்கிறது. சதுப்பும் பாறையும் புல்லும் கொண்ட பகுதி. 1854 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, அங்கு எளிதில் போக முடியாத கிரான்மியர் பூல் என்ற இடத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போட்டுச் செல்ல வேண்டும். இதிலிருந்து லெட்டர்பாக்சிங் என்ற வழக்கம் வளர்ந்தது. ரப்பர் ஸ்டாம்ப் உள்ள பெட்டிகளைத் தேடிப் போய், தங்கள் நோட்டில் முத்திரை குத்திக் கொண்டு வருகிறவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் கையில் திசைகாட்டியும் வரைபடமும் இருந்தன. நம் கையில் ஜி.பி.எஸ். இருக்கிறது.

எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும்

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். எனவே இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

உல்மர் வெளியிட்ட எண் இதுதான்: வடக்கு 45 டிகிரி 17.460 நிமிடம், மேற்கு 122 டிகிரி 24.800 நிமிடம். ஜியோகேச்சிங் தளத்தில் எல்லா கேச்களுக்கும் இப்படித்தான், டிகிரி தனியாகவும் நிமிடம் தசம புள்ளியுடனும் தரப்பட்டிருக்கும். இங்கே நிமிடம் என்பது கடிகார நிமிடம் அல்ல. ஒரு டிகிரியில் 60ல் ஒரு பங்கு. அட்சரேகையில் ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர். ஒரு நிமிடம் சுமார் 1,852 மீட்டர். அப்படியானால் நிமிடத்தின் மூன்றாவது தசம இடம் ஏறத்தாழ 1.85 மீட்டரைக் குறிக்கிறது. ஒரு ஆள் உயரம்தான். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் ஒரு எட்டு தள்ளி நிற்பீர்கள். முதல் இலக்கம் மாறினால் பக்கத்து ஊருக்குப் போய்விடுவீர்கள்.

கூகுள் மேப்ஸ் போன்றவை காட்டுவது வேறு முறை. அங்கே நிமிடம் என்ற பிரிவே கிடையாது. டிகிரி முழுவதும் தசமத்தில் இருக்கும். மாற்றுவதற்கு நிமிடத்தை 60ஆல் வகுத்து டிகிரியுடன் கூட்ட வேண்டும். விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்து 17.460ஐ 60ஆல் வகுத்துப் பாருங்கள். 0.291 கிடைக்கும். எனவே அட்சரேகை 45.29100. அதே போல 24.800ஐ வகுத்தால் 0.41333. மேற்கு என்பதால் முன்னால் மைனஸ் அடையாளம் சேர்த்து, -122.41333 என்று எழுத வேண்டும். தெற்கு அட்சரேகைக்கும் மைனஸ் உண்டு. நம் நாடு வடக்கிலும் கிழக்கிலும் இருப்பதால் நமக்கு இந்தத் தொல்லை இல்லை.

இந்த வகுத்தலைச் செய்யாமல் 45.17460, -122.24800 என்று அப்படியே டைப் செய்துவிடுவது புதியவர்கள் செய்யும் பிழை. பார்வைக்கு எண்கள் ஒன்று போலவே தெரியும். கம்ப்யூட்டரும் எந்தப் பிழைச் செய்தியும் தராது. கேட்ட இடத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். ஆனால் அந்த இடம் உண்மையான இடத்தில் இருந்து சுமார் 18 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்! வெயிலில் அரை நாள் தேடிவிட்டு, டப்பாவை யாரோ திருடிவிட்டார்கள் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இதைச் சரி பாருங்கள்.

கணக்கு பிடிக்காதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. கூகுள் மேப்ஸ் தேடல் கட்டத்தில் டிகிரிக்கும் நிமிடத்திற்கும் நடுவே ஒரு ஸ்பேஸ் விட்டு, 45 17.460, -122 24.800 என்று டைப் செய்து என்டர் தட்டினால் அதுவே மாற்றிக் கொள்ளும். மேப்பில் ஏதேனும் ஓர் இடத்தின் எண் வேண்டும் என்றால், அங்கே மவுஸை வைத்து ரைட் கிளிக் செய்திடுங்கள். மெனுவின் உச்சியில் இரண்டு எண்கள் தெரியும். அவற்றின் மீது கிளிக் செய்தால் காப்பி ஆகிவிடும். கம்ப்யூட்டரில் இலவசமாக நிறுவக் கூடிய கூகுள் எர்த் புரோ சாப்ட்வேரில், டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் சென்று, திரீ டி வியூ டேபில் டிகிரிஸ், டெசிமல் மினிட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து விட்டால், திரையின் கீழே எண்கள் ஜியோகேச்சிங் முறையிலேயே ஓடிக் கொண்டிருக்கும். நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஒரு மாலை நேரம் உங்கள் வீடு, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்ட் ஆகியவற்றின் எண்களை எடுத்துப் பார்த்தால் இந்த எண்களின் மீதுள்ள பயம் போய்விடும்.

தளத்தில் என்ன பார்க்க வேண்டும்?

ஜியோகேச்சிங் டாட் காம் தளத்தில் மெயில் முகவரி கொடுத்து இலவசமாகக் கணக்கு தொடங்கலாம். கட்டணம் செலுத்தும் பிரீமியம் உறுப்பினர்களுக்கு மட்டுமே சில கேச்களும் சில வசதிகளும் கிடைக்கும். தொடக்கத்தில் பணம் கட்டத் தேவையில்லை. பத்து கேச்கள் கண்டுபிடித்த பிறகு யோசித்துக் கொள்ளலாம்.

ஒவ்வொரு கேச்சுக்கும் ஒரு பக்கம் இருக்கும். அதில் டிபிகல்ட்டி, டெரைன் என்று இரண்டு மதிப்பெண்கள் ஒன்றில் இருந்து ஐந்து வரை தரப்பட்டிருக்கும். முதலாவது, தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பது. இரண்டாவது, அந்த இடத்திற்குப் போய்ச் சேருவது எவ்வளவு கடினம் என்பது. கிராமப்புறம் சுற்ற நினைப்பவர்கள் இரண்டாவது எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒன்று என்றால் சக்கர நாற்காலியிலும் போகலாம். ஐந்து என்றால் படகோ கயிறோ வேண்டியிருக்கும். குழந்தைகளுடன் போகிறவர்கள் இரண்டுக்கு மேல் போக வேண்டாம்.

அளவும் குறிப்பிடப்பட்டிருக்கும். பழைய கேமரா பிலிம் டப்பா அளவில் இருப்பவை மைக்ரோ. அதில் சுருட்டிய காகிதம் மட்டுமே இருக்கும். பேனாவை நீங்கள்தான் கொண்டு போக வேண்டும். சாப்பாட்டு டப்பா அளவில் இருப்பவற்றில் சின்னச் சின்ன பொம்மை, கீ செயின் போன்றவை கிடக்கும். ஒன்றை எடுத்தால் அதே மதிப்புள்ள அல்லது அதைவிடக் கூடுதல் மதிப்புள்ள ஒன்றை வைக்க வேண்டும். உணவுப் பொருள், கத்தி, மது வைக்கக் கூடாது. உணவின் வாசனைக்கு எறும்பும் எலியும் டப்பாவை ஒரே இரவில் கடித்துவிடும். ராணுவத்தில் தோட்டா வைக்கப் பயன்படும் இரும்புப் பெட்டிகளை மேலை நாடுகளில் பலர் விரும்பி வைக்கிறார்கள். ரப்பர் விளிம்பு உள்ளதால் மழை உள்ளே போகாது.

சில பொருட்களில் எண் பொறித்த உலோகத் தகடு தொங்கும். இதற்கு டிராவல் பக் என்று பெயர். இதை நீங்கள் எடுத்து வைத்துக் கொள்ளக் கூடாது. அடுத்த கேச்சில் கொண்டு போய் வைக்க வேண்டும். எண்ணைத் தளத்தில் தந்தால் அது எந்தெந்த நாடு சுற்றி வந்தது என்று மேப்பில் காட்டும்.

பக்கத்தின் கீழே, கண்டுபிடிக்கச் சிரமப்படுபவர்களுக்காகத் துப்பு ஒன்று இருக்கும். அது படித்தால் புரியாத எழுத்துகளாக இருப்பதைப் பார்த்து பாண்ட் பிரச்னை என்று நினைத்துவிடாதீர்கள். தெரியாமல் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக அதை ராட் 13 என்ற முறையில் மாற்றி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளில் ஒவ்வொன்றுக்கும் பதிலாக 13 எழுத்து தள்ளி இருப்பதை எழுத வேண்டும். ஏ என்பது என் ஆகும். பி என்பது ஓ ஆகும். மரத்தைக் குறிக்கும் டி, ஆர், இ, இ என்ற எழுத்துகள் ஜி, இ, ஆர், ஆர் என்று மாறிவிடும். 26ல் பாதி 13 என்பதால் அதே முறையை இன்னொரு தடவை செய்தால் பழைய சொல் திரும்பி வந்துவிடும். தளத்தில் டிகிரிப்ட் என்ற லிங்க்கில் கிளிக் செய்தாலும் போதும். ஆனால் பிள்ளைகளிடம் காகிதமும் பென்சிலும் கொடுத்து மரத்தடியில் உட்கார்ந்து பிரிக்கச் சொன்னால், கம்ப்யூட்டரில் ரகசியக் குறியீடு எப்படி வேலை செய்கிறது என்ற முதல் பாடம் அங்கேயே நடந்துவிடும்.

அதே பக்கத்தில் கடைசியாக எழுதப்பட்ட பதிவுகளையும் படியுங்கள். தொடர்ந்து நான்கைந்து பேர் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால் டப்பா போயிருக்கலாம். உங்கள் முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

கிளம்புவதற்கு முன்

ஊருக்கு வெளியே போனால் போனில் சிக்னல் இருக்காது என்பதால் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்று பலர் எண்ணுகிறார்கள். இது தவறு. ஜி.பி.எஸ். சிக்னல் நேராக வானத்தில் இருந்து வருகிறது. சிம் கார்டு இல்லாத போனிலும் கிடைக்கும். கிடைக்காமல் போவது மேப்தான். ஏனெனில் அது இன்டர்நெட்டில் இருந்து வருகிறது. எனவே வீட்டில் இருக்கும்போதே அந்தப் பகுதியின் மேப்பைப் போனில் டவுன்லோட் செய்து கொள்ளுங்கள். கூகுள் மேப்ஸ் அப்ளிகேஷனில் ஆஃப்லைன் மேப்ஸ் என்ற வசதி இதற்காகவே உள்ளது. கேச் பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்துக் கொள்வது இன்னும் நல்லது. நடுவழியில் போன் சார்ஜ் தீர்ந்துவிட்டால் காகிதம்தான் கைகொடுக்கும்.

போகும் வழியையும் கம்ப்யூட்டரின் பெரிய திரையில் சாட்டிலைட் காட்சியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஜி.பி.எஸ். காட்டுவது காகம் பறக்கும் தூரம். "400 மீட்டர்" என்று போன் சொல்லும். நடுவே ஆறு ஓடுவதை அது சொல்லாது. பாலம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம்.

டார்ட்மூர் போன்ற இடங்களுக்குச் செல்பவர்கள் வேறொன்றையும் பார்க்க வேண்டும். அதன் வடபகுதியில் ராணுவம் துப்பாக்கிப் பயிற்சி நடத்துகிறது. பயிற்சி நாட்களில் சிவப்புக் கொடி ஏற்றப்படும். எந்தெந்த நாட்கள் என்பது முன்கூட்டியே வெளியிடப்படுகிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் கால் வைக்க வேண்டும்.

இடத்திற்குப் போன பிறகு

திறந்த வெளியில் போன் பெரும்பாலும் சில மீட்டர் துல்லியத்தில் இடத்தைக் காட்டும். மரங்களுக்கு அடியிலும் பெரிய பாறைகளுக்கு அருகிலும் சிக்னல் எதிரொலித்து வருவதால் அம்புக் குறி இங்கும் அங்கும் அலையும். கேச்சை வைத்தவரின் கருவியிலும் இதே பிழை இருந்திருக்கும். எனவே பத்து மீட்டருக்குள் வந்ததும் போனைப் பாக்கெட்டில் போட்டுவிடுங்கள். திரையையே பார்த்துக் கொண்டு வட்டம் அடிப்பவர்களுக்குக் கிடைப்பதில்லை. "நான் ஒளித்து வைப்பதாக இருந்தால் எங்கே வைப்பேன்?" என்று நின்று யோசியுங்கள். இயற்கையாக விழாமல் யாரோ அடுக்கியது போல் இருக்கும் கற்கள், மரத்தின் வேரிடுக்கில் சாய்த்து வைத்த பட்டை, காரணமில்லாமல் கிடக்கும் ஓடு ஆகியவை கண்ணில் படும். பொந்துக்குள் கையை விடாதீர்கள். முதலில் குச்சியால் தட்டிப் பாருங்கள். பாம்புக்கும் அதே இடங்கள்தான் பிடிக்கும்.

கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றே தளத்தில் பதியுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டப்பா காணாமல் போயிருந்தால் வைத்தவருக்கு அந்தப் பதிவைப் பார்த்துத்தான் தெரிய வரும்.

இப்போது சொல்லப் போவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் உயிர் நாடி. கிராமப்புறத்தில் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்பது கிட்டத்தட்ட இல்லை. வயல் ஒருவருடையது, தோப்பு இன்னொருவருடையது, மேய்ச்சல் நிலம் ஊர்ப் பொது. தளத்தின் விதிப்படி கேச் வைப்பவர் நில உரிமையாளரிடம் அனுமதி பெற்றிருக்க வேண்டும். இரண்டு கேச்களுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும். தன்னார்வலர் ஒருவர் சரி பார்த்த பிறகே பக்கம் வெளியாகும். ஆனால் தேடி வருபவர்கள் ஒழுங்காக நடக்காவிட்டால் இந்த விதிகளால் பயன் இல்லை. பயிரை மிதித்துக் குறுக்கே போகும் ஒருவரால், அனுமதி தந்த விவசாயி மறுநாளே டப்பாவைத் தூக்கி எறிந்துவிடுவார். பின்னால் வருகிற அனைவருக்கும் அந்த இடம் போய்விடும். இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் எல்லோருக்கும் சொல்லித் தரும் ஒரு பழக்கம் உண்டு. படல் திறந்திருந்தால் திறந்தபடி விடு, மூடியிருந்தால் மூடிவிட்டுப் போ. ஆடு மாடுகளை எங்கே விட வேண்டும் என்பது அதன் சொந்தக்காரருக்குத்தான் தெரியும்.

டப்பாவின் மேல் இது ஜியோகேச் என்று தெளிவாக எழுதி ஒட்டுவதும் அவசியம். 2011 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வெதர்பி என்ற ஊரில், ஒருவர் டப்பாவுடன் சந்தேகப்படும்படி நடந்து கொண்டதைப் பார்த்தவர்கள் போலீசுக்குச் சொல்ல, கடைத்தெருவையே காலி செய்துவிட்டு வெடிகுண்டு நிபுணர்கள் அதை வெடிக்க வைத்தார்கள். உள்ளே இருந்தது வெறும் கேச்!

நம் ஊரில் எப்படி?

தமிழகத்தில் கேச்கள் குறைவு. இருப்பவையும் பெரும்பாலும் பெரிய ஊர்களிலும் சுற்றுலாத் தலங்களிலும்தான். தளத்தின் மேப்பில் உங்கள் மாவட்டத்தைப் பார்த்தால் காலியாக இருக்கவும் கூடும். அதனால் ஏமாற்றம் அடைய வேண்டாம். டப்பாவே இல்லாமல் எண்களை மட்டும் தேடிப் போகும் இன்னொரு முயற்சி, ஜியோகேச்சிங்கிற்கு முன்பே 1996 ஆம் ஆண்டில் அலெக்ஸ் ஜாரட் என்பவரால் தொடங்கப்பட்டது. டிகிரி கன்ஃப்ளுயன்ஸ் புராஜெக்ட் என்பது அதன் பெயர். அட்சரேகையும் தீர்க்கரேகையும் பின்னம் இல்லாத முழு எண்களாகச் சந்திக்கும் புள்ளிக்கு நேரில் போக வேண்டும். 100 மீட்டருக்குள் போனாலே கணக்கில் சேரும். நான்கு திசைகளிலும் படம் எடுத்து, ஜி.பி.எஸ். திரையையும் படம் எடுத்து, எப்படிப் போனீர்கள் என்று எழுதி அனுப்ப வேண்டும். பூமியில் எங்கே இருந்தாலும் 79 கிலோமீட்டருக்குள் இப்படி ஒரு புள்ளி இருக்கும்.

கூகுள் மேப்ஸில் 13.00000, 80.00000 என்று டைப் செய்து பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் கொண்டு போய் நிறுத்தும். 11, 77 கோவை நகருக்குள்ளேயே விழுகிறது. 10, 78 சோழவந்தானுக்கு அருகே. 10, 79 ஆவுடையார்கோயிலுக்குத் தெற்கே. 9, 78 எட்டயபுரத்திற்கும் ஓட்டப்பிடாரத்திற்கும் இடைப்பட்ட பகுதியில். அது வயலா, தோப்பா, கண்மாயா என்பதை சாட்டிலைட் காட்சியில் நீங்களே பெரிதாக்கிப் பாருங்கள். எந்தப் பெயர்ப் பலகையும் எந்த சுற்றுலாக் கையேடும் காட்டாத இடங்கள் இவை. அந்தப் புள்ளியில் பார்க்க ஒன்றும் இருக்காது என்று சிலர் சொல்வார்கள். போகிற வழியில் இருக்கிறதே, அதற்காகத்தான் போவது.

நம் கிராமங்களில் புதிய ஆள் ஒருவர் போனைப் பார்த்துக் கொண்டே வரப்பில் நடந்தால், கட்டாயம் ஒருவர் வந்து விசாரிப்பார். "என்ன தம்பி, நெலத்த அளக்க வந்தீங்களா?" என்றுதான் பெரும்பாலும் கேள்வி வரும். சாலைக்கும் தொழிற்சாலைக்கும் நிலம் எடுக்கப்பட்ட ஊர்களில் இந்தக் கேள்வியில் பயமும் கலந்திருக்கும். எனவே அவர் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். நிலத்தில் கால் வைப்பதற்கு முன்பே, பம்ப் செட்டிலோ டீக்கடையிலோ இருப்பவரிடம் நீங்களே போய், "ஐயா, சர்வேக்கு வரலீங்க. பசங்களோட சும்மா ஒரு எடத்தப் பாக்க வந்தோம். உங்க வரப்பு வழியா போகலாங்களா?" என்று கேளுங்கள். போனில் மேப்பைக் காட்டி, அவருடைய கிணறும் வீடும் அதில் தெரிவதையும் காட்டுங்கள். வேண்டாம் என்று சொன்னால் திரும்பிவிடுங்கள். எண்கள் எங்கேயும் ஓடிப் போகாது. அனுமதி தருபவர் பெரும்பாலும் வழி காட்டிக் கூடவே வருவார்.

காப்புக் காட்டிற்குள்ளும் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்களிலும் டப்பா வைக்கும் எண்ணமே வேண்டாம். அத்தகைய இடங்களுக்கு எர்த்கேச் என்று ஒரு வகை உண்டு. 2004ல் இருந்து நடைமுறையில் உள்ளது. அங்கே டப்பா கிடையாது. பாறை எப்படி உருவானது, அடுக்குகள் என்ன நிறம் என்பது போன்ற கேள்விகளுக்கு நேரில் பார்த்து விடை எழுதி அனுப்ப வேண்டும். விடுமுறைக்குப் போகும் ஊரில் டப்பா வைத்துவிட்டு வருவதையும் தவிர்த்திடுங்கள். மழையில் நனைந்த நோட்டை மாற்றவும் உடைந்த மூடியைச் சரி செய்யவும் வைத்தவரே போக வேண்டும் என்பது விதி.

கருவி பற்றி ஒரு வார்த்தை. இதற்கென்று தனியாக எதையும் வாங்கத் தேவையில்லை. கையில் உள்ள ஸ்மார்ட் போனே போதும். அது சாட்டிலைட்டில் இருந்து சிக்னலை வாங்குகிறதே தவிர, அனுப்புவதில்லை. சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் மலையேற்றக் கருவிகள் வெளிநாட்டில் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை அனுமதி இல்லாமல் இந்தியாவிற்குள் கொண்டு வரக் கூடாது. வெளிநாட்டில் உள்ள உறவினர் வாங்கி வருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

முதல் பயணத்திற்குத் தண்ணீர், தொப்பி, இரண்டு பேனா, பிரிண்ட் எடுத்த காகிதம், குச்சி ஒன்று. வெயில் ஏறும் முன் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததும், அன்றே பதிவை எழுதிவிடுங்கள். மறுநாள் என்றால் எந்த வரப்பில் திரும்பினோம் என்பது மறந்துவிடும்.